டையிங் மாஸ்டரின் சோடியம்

முப்பது வருடங்களாக நான் துணிக்கு உப்புப் போட்டுப் பிழைக்கிறேன். இப்படிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் தண்ணீரில் உப்பு வேண்டும். இல்லாவிட்டால் சாயம் தண்ணீரிலேயே சுகமாக மிதந்துகொண்டிருக்கும், துணிப் பக்கம் திரும்பாது. வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம், கறுப்புக்கும் நேவி ப்ளூவுக்கும் மூட்டை மூட்டையாக. திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் போடும் ஒரு கம்பெனியில் நான் டையிங் மாஸ்டர். எந்த லாட் துணிக்கு எவ்வளவு உப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் என் உத்தியோகம். அப்பேர்ப்பட்ட எனக்கு ஒரு நாள் ரத்தத்தில் உப்புக் குறைந்துவிட்டது என்று சீட்டு வந்தது.

அந்தச் சீட்டு வருவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் எழுந்தால் தலை பாரம். சோற்றைப் பார்த்தால் குமட்டல். கம்பெனி லேபில் நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே தூக்கம். ஐம்பத்தாறு வயதில் இதெல்லாம் வருவதுதான் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். பிறகு மறதி ஆரம்பித்தது. முதலாளியிடம் ஒரு லாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடித்ததும் அதையே மறுபடி கேட்டேன். அவர் உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்காரர், யாரிடமும் மரியாதை குறையாதவர். அதனால் இரண்டாவது தடவையும் முதல் தடவை போலவே நிதானமாகப் பதில் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோதுதான், "மாஸ்டரு, ஊட்டுக்குப் போயிக் கொஞ்சம் படுங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். ஒரு மாஸ்டரைப் பார்த்துப் படுக்கச் சொல்வதா என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் நான் செய்த காரியத்தை எங்கள் கம்பெனியில் இன்றும் பேசுகிறார்கள். துணி வாங்கும் பையர் மாதிரிக்கு அனுப்பிய சாம்பல் நிறத் துண்டையும் நாங்கள் சாயம் போட்ட துணியையும் கலர் பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் துணியில் சிவப்பு அடித்தது. லாரி டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் அவரே சொல்லியிருப்பார். நான் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, பெரிய மனிதத் தோரணையோடு தலையாட்டி, ஓகே என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்தத் துணி மொத்தமும் பிறகு கறுப்பாகத்தான் போனது. கெட்டுப்போன எந்தக் கலரையும் கறுப்பில் முக்கி மறைத்துவிடலாம் என்பது எங்கள் தொழிலில் உள்ள ஒரே ஆறுதல்.

நடையும் தள்ளாட ஆரம்பித்ததால் என் மனைவி வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் போகச் சொன்னாள். வீட்டிலிருந்து கம்பெனி நான்கு ஸ்டாப். நான் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடித் திறந்தபோது பஸ் கடைசி ஸ்டாப்பான பல்லடத்தில் நின்றது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் வந்து, "எங்கீங்க போகோணும்?" என்று கேட்டார். எனக்கு இடத்தின் பெயர் வரவில்லை. யோசித்துப் பார்த்து, "உப்புப் போடற எடம்" என்றேன். அவர் என்னைச் சாப்பாட்டுக் கடைச் சமையல்காரர் என்று நினைத்துக்கொண்டு, எந்த ஓட்டல் என்று பொறுமையாக விசாரித்தார்.

அன்று மாலையே மனைவி என்னைத் தெருமுனை கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். ரத்தம் எடுத்தார்கள். சோடியம் நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம், எனக்கு நூற்று இருபத்தேழு. "உப்புச் சத்து குறைஞ்சிருக்கு. சாப்பாட்டுல கொஞ்சம் சேர்த்துக்கோங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடி பார்ப்போம், இன்னும் இறங்கினா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்" என்றார் டாக்டர். அவர் சொன்னது மூன்று வாக்கியம். என் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும்.

சாதாரண மனிதன் என்றால் சோற்றில் ஒரு சிட்டிகை கூடப் போட்டுக்கொண்டு போயிருப்பான். நான் மாஸ்டர் அல்லவா? என் எடை எழுபது கிலோ, அதில் தண்ணீர் நாற்பது லிட்டர் சொச்சம் என்று எங்கோ படித்திருந்தேன். நாற்பது லிட்டர் தொட்டி, உப்பு இத்தனை குறைவு, அப்படியானால் இத்தனை கிராம் போட வேண்டும் என்று கம்பெனித் தாளில் எழுதினேன். சமையல் உப்புப் பாக்கெட்டை லேபுக்கு எடுத்துப்போய், சாயம் நிறுக்கும் தராசில் நிறுத்து, தினத்துக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டினேன். அதை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து நாள் முழுக்கக் குடிப்பது. அது போகக் காலையில் உப்பு மோர், மாலையில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர். இந்த ரெசிப்பியைக் கையெழுத்தோடு பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

என் மனைவி அதை நின்று படித்தாள். எட்டாவது வரை படித்தவள். "ஏனுங்க, உப்புச் சரி. எதுக்குங்க இத்தன தண்ணி?" என்றாள்.

"உப்புக் கரைய வேண்டாமா?" என்றேன் நான். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். அதைக் கேட்டவளுக்கு நான் அரை மணி நேரம் உப்பு கரைவதைப் பற்றிப் பாடம் நடத்தினேன்.

இதற்கிடையில் எனக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி பரவிவிட்டது. எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போக மாட்டார்கள். முதலாளி தன் தோப்பு இளநீரைக் காரின் பின்பக்கம் நிறைத்துக்கொண்டு வந்து இறக்கினார். "காலைல ரெண்டு, மத்தியானம் ரெண்டு குடிங்க மாஸ்டரு. ஒரே வாரத்துல எந்திரிச்சு ஓடுவீங்க" என்றார். சேவூரிலிருந்து என் அண்ணன் ஒரு குலை கொண்டுவந்தார். பக்கத்து வீட்டில் ஒரு குலை. ஒருவர் கொடுத்ததைக் குடித்து அடுத்தவர் கொடுத்ததை விட்டால் மனஸ்தாபம் என்று நான் எல்லாவற்றையும் பாரபட்சம் இல்லாமல் குடித்தேன். அந்த ஒரு வாரத்தில் நான் குடித்ததைப் போல எங்கள் கம்பெனி மெஷின்கூடக் குடித்திருக்காது.

எட்டாம் நாள் எழுந்து ஓடவில்லை. குளியலறை வாசலில் விழுந்தேன். விழுந்ததுகூட எனக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன கிழமை என்று கேட்டார்களாம், "டார்க் நேவி" என்று சொன்னேனாம். சோடியம் நூற்றுப் பதினாறுக்கு இறங்கியிருந்தது. மனைவி என் ரெசிப்பித் தாளைப் பிரிட்ஜிலிருந்து பிய்த்து எடுத்து வந்திருந்தாள். அங்கே என்னைப் பார்த்த டாக்டரம்மா அதைப் படித்துப் பார்த்து, "இதை எழுதினது யாரு?" என்று கேட்டிருக்கிறார். இவள் கொஞ்சம் பெருமையாகவே, "என்ற ஊட்டுக்காரருங்க" என்றிருக்கிறாள்.

நான்கு நாளில் எனக்குத் தெளிவு வந்தது. டாக்டரம்மா செய்த முக்கியமான வைத்தியம், என் தண்ணீரை நிறுத்தியது. ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு லிட்டர்தான், காப்பி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து. "உங்க உடம்புல உப்பு குறையல. தண்ணி கூடிப்போச்சு" என்றார். ரத்தம் நீர்த்துப் போயிருக்கிறது, ஆனால் மூத்திரம் கெட்டியாகப் போகிறது, அதில் உப்பும் போகிறது, சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய தண்ணீரைத் தள்ளாமல் பிடித்து வைக்கிறது என்று விளக்கினார். "நீங்க சாப்பிட்ட உப்பெல்லாம் மூத்திரத்துல போயிருச்சு. அதோட குடிச்ச தண்ணி மட்டும் உள்ளயே நின்னுருச்சு. எதனால நிக்குதுன்னுதான் இனிமே தேடணும்."

படுத்தபடி அதைக் கேட்டபோது எனக்கு முகம் சுருங்கிப்போனது. காரணம் இருக்கிறது. ஷேடு வெளுத்து வருகிறது என்றால் புது ஆபரேட்டர்கள் செய்கிற முதல் காரியம், இன்னொரு மூட்டை உப்பை மெஷினில் கொட்டுவது. நான் அவர்களை நிறுத்தி வைத்துப் பிரசங்கம் செய்வேன். முதலில் தொட்டியின் தண்ணீர் மட்டத்தைப் பார், எங்கேயாவது வால்வு ஒழுகித் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கும், அதை அடைக்காமல் எத்தனை மூட்டை கொட்டினாலும் வீண் என்பேன். பீகாரிலிருந்து வந்த ஒரு ஆபரேட்டர் அந்தப் பிரசங்கத்தைத் தமிழிலேயே மனப்பாடமாக ஒப்பிப்பார், என் குரலில். ஊருக்கெல்லாம் வால்வைப் பார்க்கச் சொன்ன ஆள், தன் தொட்டிக்கு மட்டும் எலுமிச்சம்பழம் பிழிந்து கொட்டிக்கொண்டிருந்தேன்.

தேடல் தொடங்கியது. தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டார்கள், இல்லை. மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு டாக்டரம்மா பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "சிகரெட் பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள். "இருந்துதுங்க. உட்டுப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சுங்க. கொலசாமி கோயில்ல எரியற கற்பூரத்துமேல அடிச்சுச் சத்தியம் பண்ணுனாருங்க. அதுக்கப்பறம் தொட்டதே இல்லீங்க."

அவள் சொன்னதில் கோயில் உண்மை, கற்பூரம் உண்மை. சத்தியமும் ஏழு மாதம் உண்மையாகத்தான் இருந்தது. எட்டாவது மாதம் ஒரு நேவி ப்ளூ லாட் திட்டுத் திட்டாக வந்தது. கழிவுநீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒன்று பற்றவைத்தேன். ஒன்று என்பது அந்த வாரத்திலேயே நாளுக்கு நான்கானது, பிறகு பத்து வருடத்துக்கு நான்கிலிருந்து குறையவே இல்லை. சாமிக்குத் தெரிந்தாலும் சாமி என் மனைவியிடம் வந்து சொல்லாது என்று ஒரு தைரியம். மற்ற தொழில்காரர்கள் விரலில் படிகிற மஞ்சளாலும் சட்டை நாற்றத்தாலும் மாட்டிக்கொள்வார்கள். என் விரலில் ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம், ஒரு நாள் இரண்டும் கலந்த பெயரில்லாத நிறம். என் சட்டையில் அடிக்கிற ஆசிட் வாடையில் சிகரெட் புகை எந்த மூலைக்கு? வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு குளிக்கத் துரத்துவாள், அத்தோடு தடயம் போய்விடும். இதில் எனக்குப் பெருமை வேறு. என்னைப் போலக் கெட்டிக்காரன் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் நான்காவது சிகரெட்டை அணைப்பேன்.

அந்தக் கெட்டிக்காரன் டாக்டரம்மாவின் முன்னால் கட்டிலில் உட்கார்ந்து, மனைவி சொன்னதற்குத் தலையாட்டினான். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். இருந்தாலும் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துவிடுங்கள், எக்ஸ்ரேயில் எல்லாம் தெரியாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஷிப்மெண்ட் முடியட்டும் என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையில் பயம். ஸ்கேனில் புகை தெரியும் என்று நினைத்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்த ஆள் நான்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். என் மனைவி தண்ணீரை அளந்து கொடுத்ததில் ஒரு துளி பிசகில்லை. மருந்து ஊற்றும் சின்ன மூடியால் அளந்து, ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அப்படியும் சோடியம் மறுபடி நூற்று இருபத்து நான்குக்கு இறங்கியிருந்தது. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். ஸ்கேன் எங்கே என்று கேட்டார். ஷிப்மெண்ட் கதையைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டு, "இப்படித் தண்ணி நிக்கறது சில சமயம் நுரையீரல்ல கட்டி இருந்தா வரும். சிகரெட் குடிக்கிறவங்களுக்குத்தான் அதிகம் வரும். நீங்க விட்டுட்டீங்க, சந்தோஷம். ஆனாலும் சந்தேகத்தை வச்சுக்கக் கூடாது. இந்த வாரத்துக்குள்ள எடுத்துட்டு வாங்க" என்றார்.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தோம். பக்கத்தில் அவள் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "நல்ல வேளைங்க, நீங்க அந்தச் சனியன அப்பவே உட்டீங்க" என்றாள். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செத்துப்போவதைக்கூடத் தாங்கியிருப்பேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய். இரண்டையுமே தாங்க முடியவில்லை.

"நான் அத உடவேயில்ல" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "எத்தன வருசமா?"

"பத்து."

"சத்தியம் பண்ணுன பொறகுமா?"

"ஏழு மாசம் கழிச்சு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் கை கழுவும் முறையை விளக்கும் படம் ஒட்டியிருந்தது, அதையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து, டோக்கன் வரிசையைத் தாண்டி, நர்ஸ் தடுப்பதையும் மீறி டாக்டரம்மாவின் கதவைத் திறந்தாள். நான் தள்ளாடியபடி பின்னால் போவதற்குள் உள்ளே பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மன்னிச்சுக்குங்க. அன்னைக்கு நான் பொய் சொல்லிப்போட்டனுங்க. அவரு சிகரெட்ட உடலீங்க, தெனமும் குடிச்சிட்டுத்தானிருக்காரு. மானம் போயிருமேன்னு நாந்தான் மறைச்சுட்டனுங்க. இன்னைக்கே ஸ்கேன் எடுத்துருங்க."

டாக்டரம்மா அவளைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். புருஷன் உயிரோடு விளையாடினாயா என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, தப்புத்தானுங்க" என்றாள். நான் கதவருகில் நின்றேன். இல்லை, நான்தான் என்று சொல்ல இரண்டு வினாடி போதும். சொல்லவில்லை. பத்து வருடம் மூடிப் பழகிய வாய் அது.

மதியத்துக்குள் ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் நிழலுக்குப் பின்னால், எக்ஸ்ரே பார்க்க முடியாத இடத்தில், இடது நுரையீரலின் வேரை ஒட்டி ஒரு கட்டி. சதையெடுத்துப் பார்த்ததில் புற்றுநோய், அதிலும் வேகமாக வளர்கிற ஜாதி. சிறுநீரகத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வை என்று சொல்ல மூளை அனுப்புகிற ஒரு ஹார்மோன் உண்டாம். அதை இந்தக் கட்டி தானே தயாரித்து, யாரும் கேட்காமலேயே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. ஒழுகிய வால்வு அங்கேதான் இருந்தது. இருமல் இல்லை, சளி இல்லை, ரத்தம் துப்பவில்லை. சோடியம் இறங்கியது ஒன்றுதான் அது காட்டிய அடையாளம். கட்டி நெஞ்சின் ஒரு பக்கத்தோடு நிற்கிறது, இன்னும் இரண்டு மாதம் ஷிப்மெண்ட் பார்த்திருந்தால் நின்றிருக்காது என்றார்கள். கோயம்புத்தூரில் மருந்தும் கதிர் சிகிச்சையும் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்டுகிறேன், இதுவரை திரும்பவில்லை. அதற்கு மேல் அவர்களும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

ஸ்கேன் எடுத்த அன்று வீட்டுக்கு வந்த பிறகு ஒன்பது நாள் அவள் என்னிடம், "தண்ணி", "மாத்தர", "சோறு" என்ற மூன்று வார்த்தைகளுக்கு மேல் பேசவில்லை. பத்தாம் நாள் நான்தான் கேட்டேன், பழியை ஏன் உன் மேல் போட்டுக்கொண்டாய் என்று. பாசத்தினால் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன், வெட்கமில்லாமல். "அந்தம்மா உங்களத் திட்டியிருந்தா நீங்க கோவிச்சுட்டு எந்திரிச்சு வந்திருப்பீங்க. ஸ்கேனு எடுத்திருக்க மாட்டீங்க. நான் திட்டு வாங்குனா என்ன இப்ப?" என்றாள். முப்பது வருடக் குடித்தனத்தில் என்னை அவள் சரியாகத்தான் படித்திருக்கிறாள்.

ஆனால் அந்தத் திட்டு அன்றோடு முடியவில்லை. என் கோப்பில் ஒரு வரியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. நோயாளியின் மனைவி முன்பு தவறான தகவல் தந்தவர், அவர் சொல்வதை உறுதி செய்துகொள்ளவும் என்று ஆங்கிலத்தில். கோப்பு கோயம்புத்தூருக்குப் போனபோது அந்த வரியும் கூடவே போனது. அங்கே ஒவ்வொரு தடவையும் வேறு வேறு டாக்டர். கோப்பைப் புரட்டுவார்கள், ஒரு இடத்தில் கண் நிற்கும், அவளை ஒரு பார்வை பார்ப்பார்கள். பிறகு கேள்வியெல்லாம் என்னிடம்தான். எத்தனை தடவை வாந்தி, எவ்வளவு தண்ணீர், எப்போது காய்ச்சல். என் சோடியம் எண்களை நாள்வாரியாக மனதில் வைத்திருப்பவள் அவள். நான் கிழமையை டார்க் நேவி என்று சொன்னவன். அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "நீங்க இருங்கம்மா, அவர் சொல்லட்டும்" என்பார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு நோட்டை மடியில் வைத்துக்கொள்வாள். நானும் அந்த வரியைப் படித்திருந்தேன். முதல் தடவையும் பேசாமல் இருந்தேன், இரண்டாவது தடவையும் பேசாமல் இருந்தேன். உடம்பு தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு ஷிப்மெண்ட் தேதி குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை மருந்து ஏற்றப் போனபோது ஒரு இளம் டாக்டர் இருந்தார். கம்ப்யூட்டரில் என் கோப்பைப் படித்தார். மனைவி நோட்டை அவர் மேஜைமேல் வைத்தாள். அவர் அதைத் திறக்காமல் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, மரியாதையாகவே சொன்னார். "அம்மா, கொஞ்சம் வெளிய இருங்க. இவர்கிட்டத் தனியாப் பேசணும்."

அவள் எழுந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள், நோட்டை எடுக்க மறந்துவிட்டாள். கதவு மூடியது.

"சொல்லுங்க சார், நிஜமா எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்றார் டாக்டர்.

லாட் கெட்டுப்போனால் ஆபரேட்டர் மேல் பழி போடாத மாஸ்டர் என்று கம்பெனியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதை நினைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் வாய் திறந்தது.

"மொதல்ல அந்த வரிய அடிச்சுப்போடுங்க டாக்டர்."

"எந்த வரி?"

"அவளப் பத்தி எழுதியிருக்கறது."

அவர் கொஞ்சம் திகைத்தார். "அடிக்க முடியாதுங்க, ஏறினது ஏறினதுதான். கீழ வேணும்னா சேர்த்து எழுதலாம்."

"அப்பக் கீழ எழுதுங்க. அவ பொய் சொல்லலீங்க. நான் பத்து வருசமா அவளுக்குத் தெரியாமக் குடிச்சனுங்க. அவ நம்பிட்டுத்தான் உட்டுட்டாருன்னு சொன்னா. விசயம் தெரிஞ்ச நிமிசமே ஓடிப்போயி, ஸ்கேன் எடுக்கோணும்னு பழியத் தன்மேல போட்டுக்கிட்டா. நான் பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தனுங்க. பொய் சொன்னது நானு. என்ற பேரையே போட்டு எழுதுங்க."

அவர் தட்டினார். திரையை என் பக்கம் திருப்பிப் படிக்கச் சொன்னார். நான்கு வரி. படித்தேன், சரியாக இருக்கிறது என்றேன். அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து, "அம்மா, உள்ள வாங்க" என்றார்.

அவள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அவர் ஓரமாகத் தள்ளிய நோட்டை இழுத்துப் பிரித்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கேட்டார். "நேத்து இவர் எவ்வளவு தண்ணி குடிச்சாரும்மா?"

இத்தனை நாள் பழக்கத்தில் அவள் முதலில் என்னைத்தான் பார்த்தாள். நான் டாக்டர் பக்கம் கண்ணைக் காட்டினேன். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"தொள்ளாயிரத்து அம்பது மில்லிங்க. அதுல அம்பது, நான் துணி காயப்போட மொட்ட மாடிக்குப் போனப்ப அவராத் திருடிக் குடிச்சதுங்க."

நான் அதை மறுக்கத்தான் வாயெடுத்தேன். டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.